பண்டிகைப் படமும் பைந்தமிழ்ச் சொல்லும்

தை பிறப்பதற்குச் சில நாள் முன்பாகவே நம் வீட்டுச் சிறுவர் சிறுமியர் பள்ளிப் பையில் ஒரு தாளை மடித்து எடுத்து வருகின்றனர். கறுப்புக் கோடுகளால் ஆன படம். உள்ளே வண்ணம் இல்லை. வண்ணம் தீட்டி மறுநாள் கொண்டு வரவேண்டும் என்பது ஆசிரியையின் கட்டளை. அகமதாபாத்தில் வாழும் தமிழ்ச் சிறுவனின் தாளில் பட்டம் பறக்கிறது. தில்லியிலும் சண்டிகரிலும் வாழ்பவனுடைய தாளில் லோஹ்ரித் தீ எரிகிறது. புனேயில் எள்ளும் வெல்லமும் கலந்த உருண்டைகள் தட்டில் அடுக்கப்பட்டிருக்கின்றன. கொல்கத்தாவில் அரிசிமாவில் செய்த பிட்டே. குவாஹாத்தியில் போகாலி பிஹுவின் நெருப்பு. ஒரே கதிரவன் வடதிசை நோக்கித் திரும்பும் நாளை ஒவ்வொரு மாநிலமும் தன் வழியில் கொண்டாடுகிறது. ஒவ்வொரு பள்ளியும் தன் ஊரின் படத்தைக் குழந்தையின் கையில் கொடுக்கிறது. இது முறையே. நாம் வாழும் ஊரின் திருநாளை நம் மக்கள் அறிந்து மகிழ வேண்டுவது நன்று.

ஆயினும், அந்தத் தாள்களில் பொங்கற் பானை இல்லை. கழுத்தில் மஞ்சட் கொத்தும் வாயில் நுரையுமாக நிற்கும் அந்தப் பானையைக் குழந்தைக்கு யார் வரைந்து தருவது? பள்ளி தராது, அது பள்ளியின் குறையும் அன்று. நாம்தான் தரவேண்டும். தருவதும் எளிது. ஒரு வெள்ளைத் தாளும் ஒரு கறுப்புப் பேனாவும் அரை மணி நேர அமைதியும் போதும். இச்சிறு செயலால் விளையும் பயன் என்ன, அதைச் செவ்வையாகச் செய்வது எப்படி என்பவற்றை நம் சங்கத்து இல்லங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாள் வந்த வழி

வண்ணம் தீட்டுவதற்கென்றே கோட்டுப் படங்களை அச்சிட்டுக் குழந்தைகளுக்கு வழங்கும் வழக்கம் மேலைநாட்டில் 19-ஆம் நூற்றாண்டில் பரவியது. 1879-இல் கேட் கிரீன்அவே என்னும் ஆங்கில ஓவியப் பெண்மணியின் படங்களோடு வெளிவந்த ‘லிட்டில் ஃபோக்ஸ் பெயிண்டிங் புக்’ இவ்வகை நூல்களின் முன்னோடிகளுள் ஒன்று. அக்காலத்துக் குழந்தைகள் தூரிகையும் நீர்வண்ணமும் கொண்டே தீட்டினர். 1903-இல் அமெரிக்காவில் பின்னி அண்ட் ஸ்மித் நிறுவனத்தார் எட்டு வண்ண மெழுகுக் குச்சிகளை ஒரு பெட்டியில் அடக்கி, ‘கிரேயோலா’ என்று பெயரிட்டு, 5 சென்டுக்கு விற்றனர். அதன்பின் சிறு பிள்ளையும் தண்ணீர்க் கிண்ணமின்றி வண்ணம் தீட்ட வழி பிறந்தது. நம் நாட்டில் 1931-இல் பம்பாயில் மை தயாரிப்பில் தொடங்கிய தண்டேகர் குடும்பத்தாரின் தொழில் ‘கேம்லின்’ என்னும் பெயரில் வளர்ந்து, பள்ளிப் பிள்ளைகளின் வண்ணப் பெட்டியாக வீடுதோறும் நுழைந்தது.

இன்றோ நிலைமை வேறு. கணிப்பொறியில் தேடினால் நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான படங்கள் கிடைக்கின்றன. வீட்டு அச்சுப்பொறியிலோ தெருமுனைக் கடையிலோ அச்சிட்டுக்கொள்ளலாம். இவ்வளவு பெருகியபின்னும், நம் வீட்டு அடுப்பங்கரையையும் நம் வாசலையும் காட்டும் படம் அங்கே அரிதாகவே அகப்படும். அகப்பட்டாலும் பானையின்கீழ் ஆங்கிலத்தில் ‘ஹேப்பி பொங்கல்’ என்று எழுதியிருக்கும். படம் நம்முடையது, எழுத்து நம்முடையதன்று.

வாசலில் இருந்த படத்தாள்

கோட்டை முதலில் இட்டு, அதற்குள் வண்ணம் நிரப்பும் கலையை நாம் பிறரிடம் கற்கவேண்டியவர்கள் அல்லர். நம் பாட்டிமார் மார்கழி விடியலில் வாசல் தெளித்து, புள்ளி வைத்து, கோடிழுத்து, அதனுள் காவியும் வண்ணப்பொடியும் தூவிய கோலம் வேறென்ன? அது மண்மேல் விரித்த படத்தாளே. தாளைப் போல அதைச் சேர்த்து வைக்க முடியாது. நண்பகலுக்குள் கால்பட்டு மறைந்துவிடும். ஆகையால்தான் பெண்கள் அதை நோட்டுப் புத்தகங்களில் வரைந்து காத்தனர். நம் சங்கத்து வீடுகள் பலவற்றிலும் பெட்டிக்கடியில் அத்தகைய கோல நோட்டு ஒன்று இருக்கக்கூடும். அதுவே நம் குழந்தைகளுக்கான முதற் படநூல் என்று கொள்ளலாம்.

எடுத்துக்காட்டாக ஒன்று கூறுவோம். நடுவில் 7 புள்ளி வைத்து, இருபுறமும் இடைப்புள்ளியாக 6, 5, 4 எனக் குறைத்துக்கொண்டு போனால் ஏழு வரிசைகள் அமையும். மொத்தம் 37 புள்ளிகள். கோல நோட்டில் ‘7 புள்ளி, இடைப்புள்ளி, 4 வரை’ என்று ஒரே வரியில் குறித்திருப்பர். இப்புள்ளிகளை மட்டும் ஒரு தாளில் இட்டுப் பத்துப் படிகள் எடுத்து எட்டு வயதுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். ஒருத்தி நட்சத்திரம் காண்பாள். ஒருவன் தாமரை காண்பான். கோடிடுவதும் அவர்களே, வண்ணமிடுவதும் அவர்களே. அடுக்குமாடி வீட்டில் வாசலுக்கு நான்கடி இடம் இல்லாதவர்க்கு இத்தாளே வாசல்.

வங்கத்தில் ஆல்பனா, மராட்டியத்தில் ரங்கோலி என்று நம் அண்டை வீட்டாரும் இதையே செய்கின்றனர். சாந்திநிகேதனத்தில் கலாபவனத்தை வளர்த்த நந்தலால் போஸ், ஆல்பனாவை ஓவியக் கல்வியின் ஒரு பகுதியாகவே மதித்துப் போற்றினார். வீட்டுப் பெண்களின் கைவண்ணம் கல்விக்கூடத்தில் இடம்பெறத் தகுதியுடையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

எது குறைந்து வருகிறது?

இனி இதிலுள்ள பெரிய பொருளுக்கு வருவோம். வேலை தேடி வடக்கே வந்த முதல் தலைமுறையினர் தமிழில் படித்தனர், எழுதினர், கனாக் கண்டனர். அவர்தம் மக்கள் தமிழ் பேசுவர். கடிதம் எழுதத் தயங்குவர். பேரக் குழந்தைகளுள் பலர் பாட்டி சொல்வதைப் புரிந்துகொண்டு, இந்தியிலோ ஆங்கிலத்திலோ மறுமொழி தருகின்றனர். எழுத்து முதலில் போகிறது. பின்னர்ப் பேச்சு போகிறது. கடைசியில் ‘சாப்பாடு’, ‘தண்ணீர்’, ‘வா’, ‘போ’ என்னும் சில சொற்களே எஞ்சுகின்றன. இவ்வாறு மறையும் சொற்களுள் முதலில் மறைவன பண்டிகைச் சொற்களே. ஆண்டில் ஒருநாள் மட்டும் வழங்கும் சொல், அந்த ஒருநாளும் வழங்காவிடில் எங்கே நிற்கும்? மாவிலைத் தோரணம், கூரைப்பூ, மஞ்சட் கொத்து, மாக்கோலம், கொலுப்படி, மரப்பாச்சி, அகல், திரி, குடில், நோன்புக் கஞ்சி — இவற்றை அகராதியைக் கொண்டு கற்பிக்க இயலாது. கண்ணால் கண்டு, கையால் தொட்டு, வாயால் சொல்லிக் கற்கவேண்டியவை இவை.

நகரத்தில் வளரும் குழந்தை மஞ்சளைத் தூளாகவே கண்டிருக்கும். அது மண்ணுக்குள் கிழங்காக விளைவதும், பச்சை இலையோடு பிடுங்கிப் பானைக் கழுத்தில் கட்டுவதும் அதற்குத் தெரியா. படத்தில் வண்ணம் தீட்டும்போதுதான், ‘பாட்டி, பானைக்கு ஏன் இலை கட்டியிருக்கிறார்கள்?’ என்று கேட்கும். ‘அது மஞ்சட் கொத்து, கண்ணு. கீழே தொங்குகிறதே, அந்தக் கிழங்கைத்தான் அரைத்துச் சாம்பாரில் போடுகிறோம்’ என்று பாட்டி சொல்வார். அந்தக் கேள்வியும் மறுமொழியுமே தாளின் பயன். குழந்தையைத் தனியே உட்கார வைத்து, ‘சத்தம் போடாமல் கலர் அடி’ என்று சொல்லிவிட்டுப் போவோமாயின், தாள் வண்ணமாகும், சொல் பிறக்காது.

வண்ணங்களுக்குப் பெயர்

பன்னிரண்டு குச்சிகள் உள்ள பெட்டியின்மேல் அச்சிட்ட பெயர்கள் ஆங்கிலத்தில் இருக்கும். நம் வீட்டிலோ, புடவைக் கடையில் வளர்ந்த ஒரு பெரிய வண்ண அகராதியே இருக்கிறது. கிளிப்பச்சை, இலைப்பச்சை, பாசிப்பச்சை என்று பச்சை ஒன்றுக்கே எத்தனை பெயர்! மயில்கழுத்து நிறம் என்பது நீலமும் பச்சையும் ஒன்றுக்குள் ஒன்று ஒளிவது. அரக்கு, குங்குமச் சிவப்பு, செங்கல் நிறம், மாந்தளிர், வாடாமல்லி, பாக்கு நிறம், சந்தன நிறம், எலுமிச்சை மஞ்சள், மாம்பழ மஞ்சள், வெங்காயத் தோல் நிறம் — ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் கண்முன் நிறுத்தும் பெயர். இசையரசி எம். எஸ். சுப்புலட்சுமி அவர்கள் உடுத்திய காஞ்சிப் பட்டின் நிறத்துக்கு ‘எம். எஸ். நீலம்’ என்றே பெயர் வழங்கி வருவதைத் தாய்மார்கள் அறிவர்.

பெட்டியிலுள்ள ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு தமிழ்ப் பெயர் சூட்டும் வேலையைக் குழந்தையிடமும் பாட்டியிடமும் சேர்த்துக் கொடுங்கள். சிறு காகிதத் துண்டில் பெயரை எழுதிக் குச்சியில் சுற்றி ஒட்டலாம். அலமாரியைத் திறந்து புடவைகளோடு குச்சியை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கையிலிருக்கும் ஊதாவைக் கத்தரிப்பூ நிறம் என்பதா, வாடாமல்லி என்பதா என்று ஒரு வழக்கே எழும். அத்தகைய வழக்கு எழும் வீட்டில் தமிழுக்குக் குறைவில்லை.

வண்ணத்தில் குழந்தையைத் திருத்தவேண்டா. பொங்கற் கரும்பு கருஞ்சிவப்பாக இருப்பதே தமிழ்நாட்டு வழக்கம்; ஆனால் மீரட்டிலும் கோலாப்பூரிலும் வளரும் குழந்தை வயலில் காண்பது பசுமஞ்சள் நிற ஆலைக் கரும்பு. அது கரும்பைப் பச்சையாகத் தீட்டினால் பிழையன்று. தன் கண்ணால் கண்டதையே தீட்டியிருக்கிறது. ‘நம் ஊர்க் கரும்பு வேறு நிறம், அதைக் கடித்தால் நாக்கும் விரலும் பிசுபிசுக்கும்’ என்று சொன்னால் போதும். தில்லியில் தை மாதக் காலை மூடுபனியால் மூடிக் கிடப்பதால், கதிரவனைச் சாம்பல் நிறத்தில் தீட்டும் பிள்ளையும் உண்டு. காளையைச் செந்நிறமாகத் தீட்டினால் இன்னும் நல்லது. காங்கேயம் இனத்துக் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருந்து, சில மாதங்களில் சாம்பல் நிறம் அடைவது என்னும் உண்மையைச் சொல்ல அதுவே தக்க தருணம்.

எழுத்துக்கும் வண்ணம்

படத்தின்கீழ் அதன் பெயரைப் பெரிய எழுத்தில், இரட்டைக் கோடாக, உள்ளே வெற்றிடம் விட்டு எழுதுங்கள். குழந்தை படத்தைப் போலவே எழுத்தையும் தீட்டும். இதில் ஒரு முறைமை வேண்டும். எல்லாச் சொற்களும் தொடக்கத்துக்கு ஏற்றவை அல்ல.

முதற்படியில் துணையெழுத்து இல்லாத சொற்களைக் கொள்க: பட்டம், அகல், மஞ்சள். இவற்றில் உயிர் எழுத்தும், அகர மெய்யும், புள்ளி வைத்த எழுத்தும் மட்டுமே உண்டு. புள்ளியை மட்டும் சிவப்பாகத் தீட்டச் சொல்லுங்கள். கோலத்தில் வைப்பதும் புள்ளி, எழுத்தின் தலையில் வைப்பதும் புள்ளி என்னும் ஒற்றுமையைக் குழந்தை உடனே பிடித்துக்கொள்ளும். இங்கு இன்னொரு நன்மையும் உண்டு. பள்ளியில் கொடுத்த பட்டத்தின் படத்தையே எடுத்து, அதன்கீழ் ‘பட்டம்’ என்று எழுதினால், குஜராத்தின் திருநாளும் தமிழின் முதற் பாடமும் ஒரே தாளில் இணைகின்றன. ஊரை விலக்கித் தமிழைக் கற்கவேண்டியதில்லை.

இரண்டாம் படியில் கால், கொம்பு முதலிய துணையெழுத்துக்கள் வரும் சொற்கள்: பால், பானை, பொங்கல். மெய்யின் உருவை ஒரு நிறத்திலும் துணையெழுத்தை வேறு நிறத்திலும் தீட்டுக. ‘பொ’ என்னும் எழுத்தில் பகரத்துக்கு முன் ஒரு கொம்பும் பின் ஒரு காலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே நிறத்தில் தீட்டினால், எழுத்தின் இருபுறமும் நிற்பவை இரண்டும் சேர்ந்து ஓர் ஒகரமே என்பது கண்ணுக்குப் புலனாகும். இதனை வாயால் விளக்கினால் சிறு பிள்ளைக்குக் குழப்பமே மிஞ்சும்; வண்ணம் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடும்.

மூன்றாம் படியில் கரும்பு, விளக்கு, மாடு போன்றவை. உகரம் ஏறும்போது ரு, பு, கு, டு ஆகியவை வெவ்வேறு உருக்கொள்கின்றன. துணையெழுத்தைத் தனியே பிரித்துத் தீட்ட இயலாது. ஆகவே எழுத்து முழுவதையும் ஒரே நிறத்தில் தீட்டி, உருவத்தையே மனத்தில் பதிய வைக்கவேண்டும்.

பாட்டியோ தாத்தாவோ எழுதித் தருவதாயின் ஒன்றை நினைவிற் கொள்க. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை மேற்கொண்டது. அதற்கு முன் கற்றவர்கள் ‘பானை’யின் னையையும் ‘மாவிலை’யின் லையையும் யானைத் துதிக்கை போல வளைத்து எழுதுவர். இன்றைய பாடநூல்களில் அவ்வடிவம் இல்லை. அதற்காகப் பெரியவர் கையெழுத்தை ஒதுக்கிவிட வேண்டா. ஒரே தாளில் இரு வடிவத்தையும் எழுதி, ‘தாத்தா படித்த லை, நீ படிக்கும் லை’ என்று காட்டலாம். பழைய கடிதங்களையும் நூல்களையும் பின்னாளில் எடுத்துப் படிக்க அப்பயிற்சி உதவும்.

மறுப்பும் விடையும்

இத்தகைய தாள்களைக் கல்வியாளர் அனைவரும் ஏற்றுக்கொண்டனர் என்று எண்ணற்க. விக்டர் லோவன்ஃபெல்ட் என்னும் கலைக்கல்வி அறிஞர், 1947-இல் வெளியிட்ட தம் நூலில் இவற்றை வன்மையாகக் கண்டித்தார். பிறர் வரைந்த பறவைக்குள் வண்ணம் நிரப்பிப் பழகிய குழந்தை, தானாகப் பறவை வரையும் துணிவை இழக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். சாந்திநிகேதனத்தில் பயின்று, சேவாகிராமத்தில் காந்தியடிகளின் ஆதாரக் கல்வித் திட்டத்தில் ஓவியம் கற்பித்த தேவி பிரசாத், குழந்தையின் சொந்த வெளிப்பாட்டையே கலைக் கல்வியின் உயிராகக் கருதினார். தில்லியில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1949-இல் தொடங்கிய குழந்தைகள் போட்டி, அடுத்த ஆண்டே உலகக் குழந்தைகளுக்கெல்லாம் உரியதாக விரிந்தது. அதில் பரிசு பெறுவது குழந்தை தானே கற்பனை செய்து வரைந்த படம்.

இம்மறுப்பில் உண்மை உண்டு. கோட்டுக்குள் அடங்கி நடப்பது மட்டுமே ஓவியம் என்று குழந்தை எண்ணிவிடலாகாது. ஆனால் நம் நோக்கம் ஓவியனை ஆக்குவதன்று. சொல்லையும் பொருளையும் ஒன்றாகக் கையில் கொடுப்பது. அதற்குப் படத்தாள் உதவும். ஓவியத்துக்கும் ஊறு நேராதிருக்க ஒரு வழி உண்டு: தாள் முழுவதையும் நீங்கள் வரைந்து நிரப்பாதீர்கள். நான்கில் ஒரு பங்கை வெறுமையாக விடுங்கள். பானையையும் கரும்பையும் நீங்கள் வரையுங்கள். பானையைச் சுற்றி நிற்பவர்களைக் குழந்தை வரையட்டும். அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடியும், தம்பிக்கு மூன்று விரலும், மாடிவீட்டுப் பஞ்சாபி மாமிக்குச் சல்வாரும் அங்கே வந்து சேரும். அந்தக் கால் பங்குதான், எங்கோ உள்ள பொங்கலை இந்த வீட்டுப் பொங்கலாக ஆக்குகிறது.

கைப்பாகம்

வரையவே தெரியாது என்று தயங்க வேண்டா. பானை என்பது ஒரு வட்டமும், அதன்மேல் ஒரு வளையமும். கரும்பு என்பது இரண்டு நெடுங்கோடும் குறுக்கே கணுக்களும். அகல் என்பது பாதி வட்டமும் ஒரு மூக்கும். இவ்வளவு தெரிந்தால் மூன்று பண்டிகைகளுக்குப் படம் ஆயிற்று.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாளில் ஒரே பெரிய உருவம் போதும். கோடு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனாக இருக்கட்டும். அது கிறுக்குவதே வண்ணம் தீட்டுவது. கோட்டுக்கு வெளியே போனதென்று கண்டிக்கலாகாது. தடித்த மெழுகுக் குச்சியே அதன் கைக்கு ஏற்றது. நான்கைந்து வயதில் மூன்று நான்கு உருவங்கள் உள்ள படம் கொடுக்கலாம். ஆறு வயதுக்குமேல் மெல்லிய கோடும் சிறு நுணுக்கங்களும் வரலாம்: கொலுப்படியில் பொம்மைகள், காளையின் கொம்பில் சலங்கை, குடிலில் ஆட்டுக்குட்டி. ஒன்பது வயதைக் கடந்தவர்களிடம் தாளைக் கொடுக்காமல், தங்கை தம்பியருக்கு வரைந்து தரும் பொறுப்பைக் கொடுங்கள்.

கறுப்பு மையால் வெள்ளைத் தாளில் வரைந்து, பகல் வெளிச்சத்தில் நிழல் விழாமல் கைப்பேசியில் படமெடுக்கலாம். ஆவணம் படியெடுக்கும் வசதி பெரும்பாலான கைப்பேசிகளில் உண்டு. அதில் எடுத்தால் தாள் வெண்மையாகவும் கோடு கருமையாகவும் வரும். வாட்ஸ்அப்பில் பிறர்க்கு அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாமல் ஆவணமாக, பி.டி.எஃப். வடிவில், அனுப்பினால் தெளிவு குறையாது. அச்சுக்கு உரிய ஏ4 தாளின் அளவு 21 × 29.7 சென்டிமீட்டர். அச்சுப்பொறிகள் தாளின் விளிம்புவரை அச்சிடா. ஆதலால் நாற்புறமும் ஒரு சென்டிமீட்டர் இடம் விட்டு வரைவது நலம்.

அலுவலகங்களில் வழங்கும் 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். தாள் மெழுகுக் குச்சிக்கும் வண்ணப் பென்சிலுக்கும் போதுமானது. ஸ்கெட்ச் பேனாவால் தீட்டினால் மை மறுபுறம் ஊறும். நீர்வண்ணம் தீட்டுவதாயின் தாள் சுருங்கும். கனமான ஓவியத் தாள் வேண்டும். மேலும், வீட்டு மை அச்சுப்பொறியில் எடுத்த கோடு ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். ஜெராக்ஸ் எடுத்த கோடு கரையாது. அகல் விளக்குப் படத்தில் சுடரைச் சுற்றி மெழுகுக் குச்சியால் மஞ்சள் தீட்டி, அதன்மேல் கருநீல நீர்வண்ணத்தைப் பூசினால், மெழுகின்மேல் நீர் ஒட்டாமல் சுடர் மட்டும் இருளில் ஒளிரும். கார்த்திகைக்கு இதனைச் செய்து பாருங்கள், குழந்தைகள் வியப்பர்.

கணிப்பொறியில் கிடைக்கும் பிறர் படத்தை வீட்டில் ஒரு படி எடுப்பது வேறு. சங்க மலரில் அச்சிட்டு வழங்குவது வேறு. பின்னதற்கு உரியவரின் இசைவு வேண்டும். நாமே வரைந்தால் இத்தொல்லை இல்லை.

வகுப்பில் வழங்கும் முறை

சனி, ஞாயிறுகளில் நடைபெறும் தமிழ் வகுப்புகளில் ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே அறையில் அமர்வது வழக்கம். ஆசிரியர் பெரும்பாலும் நம்மில் ஒருவரே. தயாரிக்க நேரம் கிடைப்பதரிது. இத்தகைய வகுப்புக்கு ஒரே படத்தை மூன்று விதமாகப் படியெடுக்கலாம். இளையோர் தாளில் சொல் முழுதாக எழுதியிருக்கும், தீட்டினால் போதும். நடுவயதினர் தாளில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கும்: ‘பொ_கல்’. மூத்தோர் தாளில் சொல்லே இராது; படத்தைப் பார்த்துத் தாமே எழுதி, கீழே இரண்டு வாக்கியமும் எழுதவேண்டும். மூவரும் ஒரே பானையைத் தீட்டுவதால், ஒருவர் தாளை மற்றவர் எட்டிப் பார்ப்பர்; அதில் பாதிப் பாடம் நடந்துவிடும்.

தைப்பொங்கலோடு நின்றுவிடாமல் ஆண்டு முழுவதற்கும் திட்டமிடலாம். சித்திரைப் புத்தாண்டுக்கு மாங்காயும் வேப்பம்பூவும். ஆடி 18-க்குக் காவிரியும் சித்திரான்னமும். நவராத்திரிக்குக் கொலு. தீபாவளிக்கு எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும். வடநாட்டார் அமாவாசை மாலையில் விளக்கேற்றி இலக்குமியை வணங்குவதையும், நாம் சதுர்த்தசி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதையும் ஒரே தாளில் இருபுறமாக வரைந்தால், ‘ஏன் நமக்கு மட்டும் காலையில்?’ என்னும் பள்ளிப் பிள்ளையின் கேள்விக்கு விடை கிடைக்கும். நம் சங்கத்தில் பல சமயத்தாரும் உள்ளனர். ஆதலால் ரமலானுக்குப் பிறையும் நோன்புக் கஞ்சிக் கிண்ணமும், கிறிஸ்துமஸுக்கு வாசலில் தொங்கும் காகித நட்சத்திரமும் குடிலும் கட்டாயம் இடம்பெற வேண்டும். அவையும் தமிழ் வீட்டுப் படங்களே. அவற்றின் சொற்களும் தமிழ்ச் சொற்களே.

வகுப்பில் எடுத்த படிகளில் இரண்டு மூன்றைக் கூடுதலாக எடுத்துப் பள்ளி ஆசிரியைக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் கொடுத்தனுப்புவது நல்ல பழக்கம். லோஹ்ரித் தாளை நமக்குத் தந்தவர்க்கு நாம் பொங்கல் தாளைத் தருவது முறையன்றோ? ‘இதற்கு என்ன பெயர்?’ என்று ஒரு தோழன் கேட்க, நம் பிள்ளை நிமிர்ந்து நின்று ‘பானை’ என்று சொல்லும்போது, அச்சொல் வீட்டுக்குள் மட்டும் வழங்கும் சொல்லாக இல்லாமல் ஊரறிந்த சொல்லாகிறது.

தீட்டி முடித்த தாளைக் குப்பையில் இடாதீர்கள். பின்புறத்தில் குழந்தையின் பெயர், வயது, ஊர், ஆண்டு ஆகியவற்றைத் தமிழில் எழுதச் செய்து, ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆண்டுக்கு ஐந்து தாள் வீதம் எட்டு ஆண்டில் நாற்பது தாள். முதல் தாளில் பாட்டி எழுதிய எழுத்தும், பின்வரும் தாள்களில் குழந்தை எழுதிய எழுத்தும் இருக்கும். எந்த ஆண்டில் கை மாறியது என்பதை அந்தக் கோப்பே காட்டும். வரும் பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நாட்காட்டியைப் பாருங்கள். இவ்வாரமே முதல் தாளை வரையத் தொடங்குங்கள்.